கம்பத்துப் பன்னீரும் கலும்பாங் கொடியும்

கலும்பாங் பட்டணத்தை ஒட்டிய தாமான் ஒன்றில் என் தாய்மாமா வீடு இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே கம்பி கட்டி, ஒரு திராட்சைக் கொடியைப் படரவிட்டிருக்கிறார். வீட்டுக்கு யார் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கொடியைத்தான். பச்சைப் பசேலென்று இலை தழைத்துத் தோரணம் போலத் தொங்கும். ஆனால் நட்டு ஆறு ஆண்டுகள் ஆகியும் அதில் ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. “கொடி நல்லா இருக்கு, காய்தான் இல்ல” என்று அக்கம்பக்கத்தார் கேலி பேசுவதும், மாமா சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவதும் வழக்கமாகிவிட்டது.

மாமா இந்தக் கொடியை அழகுக்காக வளர்க்கவில்லை. அதற்குப் பின்னால் எங்கள் தாத்தா இருக்கிறார்.

தாத்தா தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, வட சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றில் கொஞ்ச காலம் பால்மரம் வெட்டினார். பிறகு துரை பங்களாவின் தோட்டக்காரராக ஆனார். ரோஜாப் பாத்தி அவர் பொறுப்பு. 1984இல் மாமா அவரை ஊருக்கு அழைத்துப் போனார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த மண்ணை மிதித்தவருக்கு, பங்காளி வீட்டுப் பந்தலிலிருந்து ஒரு குலை கருப்புத் திராட்சையைப் பறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பழத்தை வாயில் போட்டவர், “துரை வீட்டு ரோஜாப் பாத்தி வாசம்டா இது” என்றாராம். அதன் பிறகு கண்மூடும்வரை அந்தப் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

போன ஆண்டு ஓர் உறவுக்காரத் திருமணத்துக்காக நான் கம்பம் புறப்பட்டபோது, எழுபத்தெட்டு வயது மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “மருமகனே, நம்ம கொடி ஏன் காய்க்கலன்னு அங்க உள்ளவங்ககிட்ட கேட்டுட்டு வா.”

அந்தக் கேள்வியோடு போனவன்தான் இந்தப் பழத்தின் கதையைத் தெரிந்துகொண்டு வந்தேன்.

பன்னீர் என்ற பெயர்

கம்பத்தில் அதைப் பன்னீர் திராட்சை என்கிறார்கள். கருநீல நிறம், உருண்டையான பழம், உள்ளே விதை. கடித்தால் சாறு பீறிடும். வாயில் தங்கும் வாசம் ரோஜா வாசமேதான். ஒயின் உலகத்தில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிளாக் மஸ்கட் என்றும் சொல்வார்கள்.

நம் ஆட்கள் பன்னீர் என்று பெயர் வைத்தது வெறும் அலங்காரத்துக்காக அன்று. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளின் வாசத்துக்கு லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற பொருள்கள்தான் காரணம். இவற்றில் ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது. ஆய்வுக்கூடம் சொல்வதும் தாத்தாவின் மூக்கு சொன்னதும் ஒன்றுதான்.

வியப்பு என்னவென்றால், சீனர்களும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சீனாவில் இந்தப் பழத்தின் பெயர் ‘மெய்குவி சியாங்’. அதற்கு ‘ரோஜா மணம்’ என்று பொருள். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு மொழிக்காரர்கள் ஒரே பழத்துக்கு ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

துரை வீட்டுத் தோட்டக்காரர்

இந்தப் பழம் காட்டில் தானாக முளைத்ததன்று. இரண்டு பழைய இனங்களை ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது. சேர்த்தவர் சீவர்ட் ஸ்னோ என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷர் பகுதியில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகையில், டி கிரே பிரபுவிடம் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். காலம் ஏறத்தாழ 1850.

அந்தக் காலத்து ஆங்கிலப் பிரபுக்கள் குளிர்நாட்டில் திராட்சை வளர்ப்பதற்காகவே கண்ணாடி வீடுகள் கட்டி, உள்ளே சூடேற்றி வைத்திருந்தார்கள். ஒயினுக்காக இல்லை, விருந்து மேசையில் குலையாக வைத்துப் பெருமை காட்டத்தான். ஸ்னோ எடுத்துக்கொண்ட இரண்டில் ஒன்று பிளாக் ஹாம்பர்க். பெரிய குலையும் கருப்பு நிறமும் கொண்ட பழம் அது. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டதே தவிர, ஊர் அதுவன்று. இத்தாலியின் வடக்கே அதை ஸ்கியாவா குரோசா என்பார்கள். லண்டனுக்கு அருகில் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரு பிளாக் ஹாம்பர்க் கொடி, இரண்டரை நூற்றாண்டு கடந்து இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

மற்றொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் பழம்பெரும் வெள்ளைத் திராட்சை. மணம் அதனுடையது. ஒன்றின் நிறமும் மற்றதன் மணமும் கூடியதுதான் நம் பன்னீர். 2003இல் வெளிவந்த மரபணு ஆய்வும் இந்த இரண்டையுமே பெற்றோராக உறுதிப்படுத்தியது.

நம் இரவுச் சந்தையில் இப்போது பச்சைப் பசேலென்று குவிந்து கிடக்கும் ஷைன் மஸ்கட் பழத்தைத் தெரியாதவர் இல்லை. ஜப்பானியர் உருவாக்கிய இனம் அது. அதன் முன்னோரிலும் இதே மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா இருக்கிறது. அந்த வழியில் பார்த்தால், கம்பத்துப் பன்னீரும் கலும்பாங் சந்தையில் வெள்ளி கொடுத்து வாங்கும் ஷைன் மஸ்கட்டும் சொந்தக்காரர்கள்தான். முன்னதன் பெற்றோரிலும் பின்னதன் முன்னோரிலும் இருப்பது ஒரே இனம்தான்.

துரை வீட்டு ரோஜாவைப் பார்த்துக்கொண்ட எங்கள் தாத்தாவுக்கு, இன்னொரு துரை வீட்டுத் தோட்டக்காரர் உண்டாக்கிய பழத்தைத்தான் பிடித்துப்போனது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மதுரைச் சீமைக்கு வந்த கொடி

தமிழ்நாட்டுக்குத் திராட்சை வந்ததைப் பற்றிச் சொல்பவர்கள் 1832ஆம் ஆண்டைக் குறிப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மதுரைச் சீமையில் கொடியை ஊன்றினார் என்பது கதை. திருப்பலிக்குத் திராட்சை இரசம் தேவை. எனவே பாதிரியார்கள் போன இடமெல்லாம் கொடியும் போனது. உலகின் பல நாடுகளில் நடந்ததுதான்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கும். பாதிரியார் கொடி நட்டது 1832, ஸ்னோ ஒட்டுச் சேர்த்தது 1850 வாக்கில். இரண்டு ஆண்டும் சரியென்றால், பாதிரியார் கொண்டுவந்தது பன்னீராக இருந்திருக்க முடியாது. அவர் கொண்டுவந்தது திராட்சை வளர்க்கும் பழக்கத்தை என்று கொள்வதே பொருத்தம். பன்னீர் பின்னால் வந்து அந்தப் பழக்கத்தில் வேர்விட்டது.

கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற இடம். மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகங்களைக் கேரளப் பக்கமே தடுத்துவிடும். இந்தப் பக்கம் வெயிலும் காய்ந்த காற்றும் மிச்சம். தண்ணீரோ முல்லைப் பெரியாறு தருவது. பென்னிகுயிக் தலைமையில் கட்டி 1895இல் முடிந்த அணை, மேற்கே ஓடிய ஆற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. தலைக்கு மேல் வெயில், காலடியில் நீர். திராட்சை கேட்பது இதைத்தான்.

சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று போகும் சாலைகளில் இருபுறமும் பந்தல்தான். கல்தூண் நட்டு, கம்பி பின்னி, தலைக்கு மேலே கொடியைப் பரப்பியிருப்பார்கள். குனிந்து உள்ளே நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் தெரியாது. மேலே கருநீலக் குலைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் சுமார் 85 விழுக்காடு இந்தப் பள்ளத்தாக்கில்தான் என்கிறார்கள். 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இனி வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்க முடியாது.

பினாங்குக்கும் ஒரு பங்கு

மலேசியாவுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். பினாங்கு லீத் சாலையில் உள்ள நீல மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய சியோங் ஃபாட் சே, 1892இல் சீனாவின் யான்தாய் நகரில் சாங்யூ என்ற ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து கொடிகளைக் கப்பலில் வரவழைத்து நட்டார். சீனாவின் நவீன ஒயின் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. யான்தாய் இருக்கும் ஷான்டோங் மாநிலமும், தியன்ஜின் நகரைச் சுற்றிய பகுதியும் இன்று ‘ரோஜா மணம்’ விளையும் இடங்கள். தியன்ஜினில் 1980இல் தொடங்கிய டைனஸ்டி என்ற சீன–பிரெஞ்சுக் கூட்டு நிறுவனம், இந்தக் கருப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் எடுத்தது.

கருப்புப் பழத்தில் வெள்ளை ஒயினா என்று கேட்கலாம். திராட்சையின் நிறம் தோலில் இருக்கிறது. சதையில் நிறம் இல்லை. தோலோடு ஊறவைத்தால் சிவப்பு ஒயின். பிழிந்த சாற்றை உடனே தோலிலிருந்து பிரித்துவிட்டால் வெள்ளை ஒயின்.

பன்னீரின் தோலில் நிறம் அதிகம் இல்லாததால், சிவப்பு ஒயினாகச் செய்தாலும் வெளிர்நிறமாகவே வரும். அடர்த்தியும் துவர்ப்பும் குறைவு. வாசம் மட்டும் தூக்கலாக இருக்கும். அதனால் ஒயின் வல்லுநர்கள் இதைப் பெரிய இடத்தில் வைப்பதில்லை. மஸ்கட் குடும்பத்தில் கடைசி வரிசைதான். ஆனாலும் கலிபோர்னியாவில் உணவுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் இதிலிருந்து வருகிறது. கிரேக்கத்தின் திர்னாவோஸ் வட்டாரத்தில் இதைக் காய்ச்சி வடித்து சிப்புரோ என்ற மதுவாக்குகிறார்கள். ஜப்பானில் 1927இல் கவாகாமி ஜென்பேய் இதையும் பெய்லி என்ற இனத்தையும் சேர்த்து மஸ்கட் பெய்லி ஏ என்ற இனத்தை உண்டாக்கினார். அந்த நாட்டுச் சிவப்பு ஒயினுக்கு இன்று முதன்மையான பழம் அதுதான். தனக்குக் கிடைக்காத பெயரைப் பிள்ளை வாங்கிக்கொடுத்துவிட்டது.

கள்ளும் ஒயினும்

கம்பத்து விவசாயிகளிடம் பேசினால் பெருமையைவிடக் கவலைதான் முன்னால் வருகிறது. பன்னீரின் தோல் மெல்லியது. பறித்து இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும். கப்பல், விமானப் பயணமெல்லாம் தாங்காது. அதனால்தான் இந்தியாவிலிருந்து நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் விதையில்லாப் பச்சைத் திராட்சையாக இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். ஈரம் கூடினால் அடிச்சாம்பல் நோய் வரும், மருந்துச் செலவு ஏறும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வந்து குவிந்தால் பன்னீரின் விலை இறங்கும். விதையைத் துப்பச் சோம்பல்படும் பிள்ளைகள் வேறு பெருகிவிட்டார்கள்.

விலை விழும்போது பழத்தை வாங்கிக்கொள்ளப் பதனிடும் ஆலை வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. சாறு, ஜாம், உலர்திராட்சை என்று பட்டியல் போட்டால் கடைசியில் ஒயினும் வந்து நிற்கும். மகாராஷ்டிரம் 2001இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. நாசிக் வட்டாரம் அதனால் வளர்ந்தது. தமிழ்நாட்டில் மதுவென்றாலே அது வேறு பேச்சு.

இதைக் கேட்டபோது நான் கொஞ்சம் தயங்கினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மது என்றால் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். துரை பங்களாவில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயின், லயத்துக்குப் பக்கத்தில் கள்ளு. சம்பள நாளில் எத்தனை வீட்டு அரிசி அந்தக் கடையில் கரைந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியலே செய்தார்கள். எங்கள் தாத்தா வாழ்நாளில் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. ஒரு பழம் நல்ல விலைக்குப் போக அது மதுவாகத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

உறவினர் ஒருவர் பதில் சொன்னார். அவருக்கு இரண்டு ஏக்கர் பந்தல். “மாப்ள, பழம் என்னவா ஆகுதுங்கிறது அப்புறம். பந்தல் இருந்தாத்தான பழம்? பக்கத்துல பாருங்க, ரெண்டு பந்தலைப் பிரிச்சிட்டாங்க.” கல்தூண்கள் மட்டும் நின்ற அந்த வெற்று நிலத்தைப் பார்த்தபோது, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலம் நினைவுக்கு வந்தது. பயிர் மாறினால் ஊரும் மாறும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். சாறோ, ஜாமோ, ஒயினோ, ஏதாவது ஒன்று அந்தப் பந்தலைத் தாங்கினால் போதும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கேள்விக்குப் பதில்

மாமாவின் கேள்வியை மறக்கவில்லை. கொடியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். “வெட்டவே இல்லையா?”

விஷயம் அவ்வளவுதான். குளிர்நாட்டில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். எழுந்ததும் பூக்கும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அது உறங்குவதே இல்லை. இலையாகவே விட்டுக்கொண்டு போகும். உறக்கத்துக்குப் பதிலாக மனிதர் கொடுப்பதுதான் கவாத்து. முற்றிய கிளைகளை அளவாக வெட்டி, இலை முழுவதையும் களைந்து, கொடியை மொட்டையாக்குவார்கள். சில நாளில் புதுத் துளிரோடு பூங்கொத்தும் வரும். பன்னீரில் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. பக்கத்துப் பக்கத்து வயல்களில் வெவ்வேறு நாளில் வெட்டுவதால், கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும்.

கலும்பாங்குக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பூக்கும் நேரத்தில் மழை அடித்தால் பூ உதிரும். காய்க்கும் நேரத்தில் அடித்தால் பூஞ்சை பிடிக்கும். மழை குறைவான மாதம் பார்த்து வெட்ட வேண்டும். மேலே கண்ணாடித் தகடு போல ஒளி புகும் கூரை போட்டால் நல்லது. தழைச்சத்து உரத்தைக் குறைக்க வேண்டும். கொடி நன்றாக இருக்கட்டும் என்று மாமா அள்ளிப்போட்ட உரம்தான் அதை இலையிலேயே நிறுத்தியிருக்கிறது.

ஒரு பன்னீர்க் குச்சியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வர ஆசைதான். ஆனால் செடி கொடிகளைக் கொண்டுவர அனுமதி வேண்டும். நோய்ப் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும் என்பதற்காக வைத்த சட்டம். வாசகர்கள் யாரும் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். நானும் பழத்தை அங்கேயே வயிறு நிறையத் தின்றுவிட்டு வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் மாமா கொடியை வெட்டினார். ஆறு ஆண்டு வளர்த்ததை மொட்டையாக்க அவருக்கு மனம் வரவில்லை. அத்தை கத்திரிக்கோலை வாங்கிப் பாதியை வெட்டிய பிறகுதான் மீதியை அவர் வெட்டினார். மூன்று வாரத்தில் துளிரோடு நான்கு பூங்கொத்துகள் வந்தன. இரண்டை மழை கொண்டுபோனது. ஒன்றைக் குருவி கொத்தியது. ஒன்று மட்டும் நின்று, இருபது இருபத்தைந்து பழத்தோடு கருத்தது.

பறித்த அன்று எனக்குத் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தேன். குலை தாத்தாவின் படத்துக்கு முன்னால் தட்டில் இருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு ஆளுக்கு இரண்டு பழம் எடுத்தோம். கொஞ்சம் புளிப்பு, நல்ல சாறு. ரோஜா வாசம் இல்லை. நாற்றுக் கடையில் கருப்புத் திராட்சை என்று சொல்லிக் கொடுத்தது வேறு ஏதோ இனம்.

மாமா மெல்ல மென்று விதையைத் துப்பினார். “இது அப்பா சொன்ன பழம் இல்ல” என்றார். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அடுத்த கவாத்துக்கு எந்த மாதம் நல்லது என்று நாள்காட்டியைப் புரட்ட ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு கம்பம் போகும்போது அவரையும் அழைத்துப் போவதாக இருக்கிறேன். பன்னீர் நம்மைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.